ஐஸ்லாந்துக் குதிரைக்கு வட்டம் போட்டது யார்?

ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் ரோட்டில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு மணிமேகலைதான் மேனேஜர். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பது, பெண் வீட்டார் அறையில் தண்ணீர் வரவில்லை என்றால் பிளம்பரைப் பிடித்து இழுத்து வருவது, சம்பந்திச் சண்டை சாப்பாட்டுக் கூடம் வரை போகாமல் மாடிப்படியிலேயே பேசி முடிப்பது, எல்லாம் அவள் பாடு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இடுப்பில் சாவிக்கொத்து, கொண்டையில் ஒரு பென்சில், மைக் தேவைப்படாத குரல். விடிந்தால் நாதஸ்வரம், பன்னீர், சந்தனம் என்று வாழ்கிற அந்த அம்மாளின் மேஜை இழுப்பறையைத் திறந்தால் மட்டும் உள்ளே எப்போதும் ஒரு பிணம் கிடக்கும். ஒரு வாரம் அது நார்வேயில் பனிக்குள் கிடக்கும். மறு வாரம் ஜப்பானில் குளியல் தொட்டிக்குள் கிடக்கும்.

இந்தப் பழக்கம் அவளுக்கு வந்ததே மண்டபத்தால்தான். விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களுக்கு என்று அங்கே ஓர் அலமாரி உண்டு. குடை, பல்செட், குழந்தையின் ஒற்றைக் கொலுசு, இப்படி. ஒரு தடவை மாப்பிள்ளை அறைக் கட்டிலுக்கு அடியில் தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. அட்டையில் வெள்ளைப் பனி, அதன் மேல் சொட்டுச் சொட்டாக ரத்தம். மணிமேகலை இரு வீட்டாருக்கும் போன் போட்டுக் கேட்டாள். "எங்க பக்கத்துல யாருக்கும் அந்த மாதிரிப் பழக்கம் கிடையாதுங்க" என்று இரு வீட்டாருமே கையை விரித்துவிட்டார்கள்.

அப்போது ஆடி பிறந்திருந்தது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. மணமக்கள் உட்காரும் சிம்மாசன நாற்காலியில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு, பொழுது போகாமல் அதைப் பிரித்தாள்.

அவளுடைய ஆங்கிலம் பி.காம். ஆங்கிலம். பில்லுக்கும் ரசீதுக்கும் போதும், கொலைக்குப் போதாது. போனில் அர்த்தம் தேடித் தேடிப் படித்தாள். அர்த்தத்தைக் கூடப் பிடித்துவிடலாம், பெயர்கள்தான் நாக்கில் நிற்கவில்லை. ஆகவே வாயில் நுழையாத பெயருக்கெல்லாம் மண்டபத்துக்கு வந்து போகிறவர்களின் பெயரை வைத்துவிட்டாள். செத்துப் போன பணக்காரர் போட்டோகிராபர் மாதவன் ஆனார். எந்நேரமும் சிடுசிடுக்கும் நார்வே இன்ஸ்பெக்டருக்கு, சமையல் கான்ட்ராக்டர் தர்மராஜின் பெயர் அப்படியே பொருந்தியது.

இதில் ஒரு விபரீதமும் நடந்தது. மணிமேகலையின் கணவர் ராமர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எறும்பு வரிசையைக் கூடச் சுற்றிக்கொண்டு நடப்பவர். ஒரு நாள் சாப்பிடும்போது மனைவி பெருமூச்சு விட்டு, "பாவம் தர்மராஜ். பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா. எந்நேரமும் குடி" என்றாள். ராமருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காந்தி மார்க்கெட்டில் காய் வாங்க வந்த தர்மராஜைப் பார்த்ததும் தோளில் கையை வைத்து, "மனசை விட்றாதீங்க. எல்லாம் சரியாகும்" என்று கண் கலங்கியிருக்கிறார். தர்மராஜ் அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மனைவி இருக்கிறாளா என்று பார்த்தாராம்.

அந்த முதல் புத்தகத்தை முடிக்க ஆடி போதவில்லை, ஆவணி முகூர்த்தங்களுக்கு நடுவிலும் இழுத்தது. ஆனால் முடிந்த அன்று மணிமேகலைக்கு ஒன்று விளங்கிவிட்டது. இனி ஆடியும் மார்கழியும் அவளுக்குச் சும்மா இருக்கிற மாதங்கள் அல்ல.

புத்தகத்துக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் குத்புதீன் பாய் கடை இருந்தது. பழைய புத்தகம் விற்பார், வாடகைக்கும் விடுவார். வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிற பிள்ளைகள் எடை குறைக்கக் கழற்றி விடுகிற நாவல்கள் எப்படியோ சுற்றி அவரிடம் வந்து சேரும். சுவீடன், கொரியா, அர்ஜென்டினா, தென் ஆப்பிரிக்கா என்று மணிமேகலை நாடு நாடாகப் பிணம் பார்த்தாள். குளிர்நாட்டு இன்ஸ்பெக்டர்களுக்கு வயிற்றுப் புண்ணும், ஜப்பான்காரர்களுக்கு ரயில் அட்டவணையும், இத்தாலிக்காரர்களுக்கு மதியச் சாப்பாடும் முக்கியம் என்பதைக் கண்டுகொண்டாள்.

அட்டைகள்தான் தொல்லை. பெண் அழைப்பு நேரத்தில் மேனேஜர் மேஜை மீது கத்தி படம் போட்ட புத்தகம் இருந்தால் யார் பொறுப்பார்கள்? பழைய காலண்டர் தாளில் கருட சேவை படமாகப் பார்த்து எல்லாவற்றுக்கும் அட்டை போட்டாள். ஒரு முறை வடக்குச் சித்திரை வீதி மாமி ஒருத்தி, பேத்தி கல்யாணத்துக்கு மண்டபம் பேச வந்தவள், மேஜை மேல் இருந்ததைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்ன சேவிச்சிண்டிருக்கேள்? பாசுரமா?" என்று கேட்டாள்.

"ஆமா மாமி" என்றாள் மணிமேகலை. உள்ளே சியோல் நகரத்தில் ஒருவன் சூட்கேசை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். சூட்கேஸ் கனமாக இருந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த வட்டம் வந்து சேர்ந்தது.

முதலில் ஒரு ஜப்பான் நாவலில். மூலைவீட்டு டியூஷன் டீச்சரின் பெயர் முதன்முதலாக வருகிற இடத்தில், யாரோ பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். அதிலிருந்து மணிமேகலைக்கு அந்த டீச்சர் மேலேயே கண். கடைசியில் பார்த்தால் டீச்சர்தான் கொலைகாரி. மணிமேகலைக்கு ரத்தம் கொதித்தது. பந்தியில் உட்காருகிறவன் இலையில் முதலிலேயே பாயசத்தைக் கொட்டி வயிற்றை அடைக்கிற வேலை இது.

அடுத்தது அர்ஜென்டினா. வட்டம் ஓய்வுபெற்ற நீதிபதியின் பெயரில். "சரிதான், இவன்தான்" என்று முதல் அத்தியாயத்திலிருந்தே நீதிபதியைக் கரித்துக்கொட்டிக்கொண்டு படித்தாள். கடைசியில் அவர் பரம சாது. புறாவுக்குத் தானியம் போட்டுக்கொண்டு பார்க்கில் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

மூன்றாவது ஐஸ்லாந்து. வட்டத்தைப் பார்த்ததும் மணிமேகலை புத்தகத்தை மூடிவிட்டு, டவுன் பஸ் பிடித்து நேராகக் குத்புதீன் கடைக்குப் போனாள்.

"பாய், இதைப் பாருங்க. குதிரைக்கு வட்டம் போட்டிருக்கு. குதிரையா கொலை பண்ணும்?"

குத்புதீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "குதிரைதான்" என்று ஒப்புக்கொண்டார். "அல்லா மேல சத்தியமா நான் போடலம்மா. நான் படிக்கிறதே உருது கஜல்தான்."

"எனக்கு முன்னாடி இதை யாரு எடுத்தாங்க?"

"நான் பேரெல்லாம் எங்கம்மா கேட்டேன்? முகம் தெரியும், அவ்வளவுதான். இந்த மாதிரிப் புக்கு எடுக்கிறவங்கன்னா, தொப்பி சார் ஒருத்தர் வருவார். பொன்மலைக்காரர், ரயில்வேல கார்டா இருந்தவர். அப்புறம் ஒரு கண்ணாடி டாக்டரு. அப்புறம் ஒரு மல்லிப்பூ அம்மா. அப்புறம் நீங்க, பென்சில் அம்மா."

மணிமேகலை கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தொப்பி சாரின் பெயர் பிரிட்டோ. அவர் வருகிற நாளை விசாரித்து, கடை வாசலிலேயே மறித்தாள். நெடுநெடுவென்று உயரம், முழங்கால் வலி, பேச்சில் ரயில்வே ஒழுங்கு. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கதானே அந்த பென்சில் அம்மா? உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஏன் மேடம் இப்படிப் பண்றீங்க? அந்த நீதிபதியை நான் எவ்வளவு சந்தேகப்பட்டேன் தெரியுமா?"

"நானும்தான் சார்!"

"அப்ப நீங்க போடலையா?"

"நான் குதிரைக்கு வட்டம் போடறவ மாதிரியா தெரியறேன்?"

பிரிட்டோ தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். பிறகு இருவரும் சர்பத் கடைக்குப் போய் உட்கார்ந்து வழக்கைப் பேசினார்கள். கண்ணாடி டாக்டரை பிரிட்டோ விடுவித்துவிட்டார், ஏனென்றால் டாக்டர் ஆறு மாதமாக ஊரிலேயே இல்லை. ஆக, மிஞ்சியது மல்லிப்பூ அம்மாள்.

சென்னையிலிருந்து குத்புதீனுக்குப் புது மூட்டை வந்த அன்று வலை விரித்தார்கள். ஒரு கொரிய நாவலை எடுத்து, பிரிட்டோவும் அவளுமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டி எங்கும் கோடு கீறல் இல்லை என்று உறுதி செய்து, கடை முகப்பில் கண்ணில் படுகிற மாதிரி வைக்கச் சொன்னார்கள். எதிர்ச் சர்பத் கடையில் காவல். மல்லிப்பூ அம்மாள் வருகிற வரைக்கும் பிரிட்டோ வரிசையாக நன்னாரி சர்பத் குடித்து, தும்ம ஆரம்பித்துவிட்டார்.

வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பச்சை வாயில் புடவை, நிமிர்ந்த நடை, தலை நிறைய மல்லிகை. கொரிய நாவலை எடுத்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நின்றபடியே படித்தாள்.

"மேடம்!" என்று பிரிட்டோ மணிமேகலையின் முழங்கையைப் பிடித்தார். கண்ணெதிரே கழுத்தறுப்பதைப் பார்த்தவர் போல் இருந்தது அவர் முகம். "கடைசிப் பக்கத்தைப் படிக்கிறாங்க!"

அந்தப் பெண் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள். பிரிட்டோவின் முழங்கால் பஸ் படிக்கு ஒத்துழைக்காது. மணிமேகலை தனியாக ஏறிவிட்டாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது அவள் படித்ததையெல்லாம் ஒரு தடவை நினைத்துப் பார்த்தாள். எத்தனை நாட்டு இன்ஸ்பெக்டர்கள் எத்தனை பேரைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள்! எல்லாம் அவளுக்கு அத்துபடி. நெருங்கிப் போகக் கூடாது. நேரே பார்க்கக் கூடாது. கடைக் கண்ணாடியில் நிழலைப் பார்க்க வேண்டும்.

ராஜகோபுரத்தில் இருவரும் இறங்கினார்கள். ஆனால் புத்தகத்தில் வருகிற இன்ஸ்பெக்டர் யாரும் தன் சொந்த ஊரில் கல்யாண மண்டபம் நடத்தியவர் இல்லை. பாத்திரக் கடைக் கண்ணாடியை அவள் உற்றுப் பார்த்ததும், "வாங்கக்கா, சீர்வரிசைக்கா?" என்று கடைக்காரர் எழுந்து வந்தார். அவரைத் தள்ளி நடந்தால் பூக்காரி பிடித்துக்கொண்டாள். "மேனேஜரம்மா, தை மாசம் நம்ம மண்டபத்துல நாள் இருக்கா? அண்ணன் பொண்ணுக்குப் பேசி முடிச்சாச்சு." மெதுவாகச் சொல்லவும் அவளுக்குத் தெரியவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. மணிமேகலை உதட்டில் விரலை வைத்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாகப் போனாள். உத்திர வீதித் திருப்பத்தில் திரும்பினால், பச்சைப் புடவை அவளுக்காகவே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, சத்திரத்துலேர்ந்து என் பின்னாடியே வர்றீங்க. பழக்கமில்லாத வேலைன்னு நல்லாத் தெரியுது. என்ன விஷயம்?"

"நீங்க யாரு?" என்றாள் மணிமேகலை. கேள்வியை யார் யாரைக் கேட்க வேண்டும் என்பதே குழம்பிவிட்டது.

"என் பேரு அறிவுமதி. போலீஸ்ல ஏட்டு. இன்னிக்கு எனக்கு லீவு."

மணிமேகலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உலகத்துப் போலீசையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து குறை சொன்னதற்கு உள்ளூர்ப் போலீசையே பின்தொடர்ந்து மாட்டிக்கொள்ளும்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. பஸ்ஸில் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். அத்தனையும் பறந்துபோய் ஒன்றே ஒன்றுதான் வாயில் வந்தது.

"குதிரைக்கு ஏங்க வட்டம் போட்டீங்க?"

அறிவுமதி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தலையில் இருந்த மல்லிகை குலுங்கக் குலுங்க, வழியில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். பக்கத்துக் காபி கடைக்கு மணிமேகலையின் கையைப் பிடித்து அழைத்துப் போகும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

காபி வந்த பிறகு சொன்னாள். "கடைசிப் பக்கத்துல யாரு இருக்காங்கன்னு முதல்ல பார்த்துக்குவேன்க்கா. அவங்க பேரு முதல்ல வர்ற எடத்துல ஒரு வட்டம். இவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, கடைசி வரைக்கும் இருப்பாங்கன்னு தெரிஞ்சாதான் எனக்குப் படிக்க தைரியம் வரும். ஐஸ்லாந்து புக்குல கடைசிப் பக்கத்துல அந்தக் குதிரை மட்டும்தான் புல்லு மேஞ்சுகிட்டு நிக்கும்."

"நீங்க போலீஸ். உங்களுக்கா பயம்?"

"போலீஸா இருக்கிறதாலதான்" என்றாள் அறிவுமதி. டம்ளரை டபராவில் வைத்துச் சுற்றினாள். "ஒரு அம்மா பொண்ணைக் காணோம்னு அழுதுகிட்டு வரும். அலைஞ்சு தேடுவோம். பாதியில என்னை வேற ஊருக்கு மாத்திருவாங்க. அந்தப் பொண்ணு கிடைச்சுதா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாத கேஸ் நிறைய இருக்குக்கா. புக்குல மட்டும்தான் முடிவு கையிலயே இருக்கு. அதையும் பார்க்காம எதுக்குத் தவிக்கணும்?"

மணிமேகலை காபியை ஆற்றி ஒரு வாய் குடித்தாள். கோபம் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "அதெல்லாம் சரிதாங்க. ஆனா ஜப்பான் டீச்சர் ஜெயில் ஜன்னல் வழியா பார்க்கிற மாதிரி கதை முடியுது. நீங்க வட்டம் போட்டதுல எனக்கு அவதான் கொலைகாரின்னு தெரிஞ்சு போச்சே!"

அறிவுமதி வாயில் கையை வைத்தாள். "அய்யோ, அதை நான் யோசிக்கவே இல்லையேக்கா. எனக்கு அவ பொழச்சாளே போதும்னு இருந்துச்சு."

கடைசியில் ஓர் உடன்பாடு ஆனது. புத்தகம் வந்தால் முதலில் மணிமேகலை, அடுத்து பிரிட்டோ, கடைசியில் அறிவுமதி. அவள் எத்தனை வட்டம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிரிட்டோவுக்கு இந்தத் தீர்ப்பில் முழுத் திருப்தி இல்லை. கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பது, கொடி காட்டாமல் வண்டியை எடுப்பது மாதிரி என்பது அவர் அபிப்பிராயம். ஆனால் ஏட்டம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை.

அந்த ஆடியில் மூவரும் காலி மண்டபத்தில் கூடினார்கள். ராமர் சுண்டல் கிண்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ரத்தம் வருகிற இடங்களில் காதைப் பொத்திக்கொள்வார். அறிவுமதி பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. "சுவீடன் போலீசுக்கு பந்தோபஸ்தே கிடையாதா? ஒரு கொலையை வச்சுக்கிட்டு மூணு மாசம் கடலைப் பார்த்து நிக்கிறாரு. அவரை ஒரு தடவை வைகுண்ட ஏகாதசி டூட்டிக்கு வரச் சொல்லுங்க. வயித்துப் புண்ணெல்லாம் தானா ஆறிடும்." மணிமேகலை சிரித்துச் சிரித்துச் சிம்மாசனத்திலிருந்து சரிந்துவிடுவாள். வீட்டுக்காரரையும் வேலையையும் தவிர அவளுக்கென்று சொல்லிக்கொள்ள ஆட்கள் கிடைத்தது, கல்யாணமாகி வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

ஐப்பசியில் அறிவுமதிக்கு மாற்றல் வந்தது. துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு ஸ்டேஷன். குத்புதீன் பாய் தன் பங்குக்கு, அப்போதுதான் வந்த ஒரு கென்யா நாவலைப் பரிசாகக் கொடுத்தார். "எப்பவும் கடைசியாத்தானே படிக்கிறீங்க. இதை நீங்க முதல்ல படிங்கம்மா."

இரண்டு நாள் கழித்து அறிவுமதி போன் செய்தாள். குரலே சரியில்லை. "அக்கா, இதுல கடைசிப் பக்கம் இல்ல. கடைசி அத்தியாயமே கிழிஞ்சு போயிருக்கு."

"அப்ப படிக்காதீங்க. பாய்கிட்ட வேற வாங்கிக்கலாம்."

"பாதி படிச்சுட்டேன்க்கா. இங்க ராத்திரியில பஸ்ஸும் கிடையாது, பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. முதல் பக்கத்துலயே ஆரம்பிச்சுட்டேன்."

அவள் போனிலேயே மற்ற இருவருக்கும் கதையைச் சொன்னாள். விசாரணை சூடு பிடித்தது. இரண்டாவது மனைவிதான் என்று அறிவுமதி தன் அனுபவத்தை வைத்து அடித்துச் சொன்னாள். ஓட்டல் முதலாளி என்றார் பிரிட்டோ. மணிமேகலைக்கு வக்கீல் மேல்தான் கண். குத்புதீன் இன்னொரு பிரதிக்காகச் சென்னை, பெங்களூர் என்று தெரிந்த கடைகளுக்கெல்லாம் சொல்லி வைத்தார். மார்கழி முழுக்க ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொரு பிரதி வந்து சேர்ந்தது தை மாதத்தில், முகூர்த்த நாளாகப் பார்த்து. மண்டபம் நிரம்பி வழிந்தது. கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் மணிமேகலையின் போன் அடித்தது. பிரிட்டோ, குத்புதீன் கடையிலிருந்து பேசினார். மேளச் சத்தத்தில் அவரும் கத்தினார்.

"மேடம், வக்கீல் இல்ல! ஓட்டல்காரனும் இல்ல! இன்ஸ்பெக்டருக்கு வண்டி ஓட்டிட்டு வர்றானே, அந்தப் பையன்!"

மணிமேகலைக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. "அய்யய்யோ! அவ்வளவு சாதுவா உக்காந்திருந்தானே, அவனா கொலை பண்ணான்?" என்று அலறினாள். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்திய நொடி அது.

மண்டபம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு மேடையில் சாதுவாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தது. கடைசியாக மணப்பெண்ணும் பார்த்தாள்.

பெண்ணின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னம்மா, யாரு கொலை பண்ணது?"

"கென்யாவுல ஒரு டிரைவருங்க."

"நம்ம சொந்தத்துல யாரும் இல்லையே?"

"இல்லவே இல்லீங்க."

"அப்ப சரி" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போனார். மேளம் மறுபடி முழங்கியது.

மணிமேகலை ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாழை இலைக் கட்டுகளுக்கு நடுவில் நின்றபடி பச்சைமலை அடிவாரத்துக்குப் போன் போட்டாள்.

"ஏட்டம்மா, தெரிஞ்சு போச்சு. சொல்லட்டுமா, இல்ல புக்கு வர்ற வரைக்கும் இருப்பீங்களா?"

"எதுக்குக்கா இருக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் அறிவுமதி. "கடைசிப் பக்கத்துல யாரு இருக்காங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க."